வெல்ல அடுப்புக்கு எது: சக்கையா, விறகா, டயரா?

தருமபுரி மாவட்டத்தில் கடத்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். விறகுதான் நின்று எரியும் என்பார் ஒருவர். கைவசம் கரும்புச் சக்கை இருக்க விறகுக்கு ஏன் காசு என்பார் இன்னொருவர்.

கணக்குப்படி பார்த்தால் விறகு ஜெயிக்கிறது. காய்ந்த சீமைக் கருவேல விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும். அப்போதுதான் பிழிந்த சக்கையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரி போய்விடும். ஆக, ஈரச் சக்கையில் தேறுவது 1,800 சொச்சம். நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்தால் விறகுக்கு ஈடுகொடுக்கும்.

ஆனால் வெல்லத்துக்குச் சூடு மட்டும் போதாது, அதை நினைத்த நேரத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும். கட்டையோ சக்கையோ, சூடு 300 டிகிரியை நெருங்கும்போது உள்ளிருந்து வாயு கிளம்புகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதுதான் கொழுந்து. வாயு தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் கரி, கொழுந்தில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். சக்கை மெலிசு, குப்பென்று பிடித்து, கொஞ்ச நேரத்தில் சாம்பலாகிவிடும். கருவேலங்கட்டையின் தணல் லேசில் அடங்காது.

கொப்பரையில் சாறு தண்ணீராக இருக்கும்வரை கொதிநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எதை எரித்தாலும் சரி. பாகு இறுகும்போதுதான் சூடு விறுவிறுவென ஏறும். 118 டிகிரி வாக்கில் பதம். கொஞ்சம் தப்பினால் கருகி, கசப்பு தட்டும். சக்கை அடுப்பில் தள்ளுவதை நிறுத்தினால் போதும். விறகடுப்பில் தணலை வாரி வெளியே போட வேண்டும், அதற்குள் பாகு காத்திருக்காது.

சக்கையிலும் தொல்லை உண்டு. அடுப்பு வாயில் ஒரு ஆள் அனல் முகத்தில் அடிக்க உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்கணும், அந்தக் கூலியும் சேரும். அவசரப்பட்டு அள்ளித் திணித்தால் காற்று அடைபட்டு, எரியாத கரித்துகள் கரும்புகையாகப் போகும். புகைபோக்கியைப் பார்த்தே தள்ளுகிறவரின் கைப்பக்குவத்தைச் சொல்லிவிடலாம்.

டயருக்குக் கிலோவுக்கு 7,000 கிலோ கலோரிக்கு மேல் உண்டு. கூடவே கந்தகப் புகையும் கரியும், பக்கத்தில் திறந்த கொப்பரை. பேசவே வேண்டாம்.

என் ஓட்டு காய்ந்த சக்கைக்கு. மழை நாளில் மட்டும் முதல் கொதிக்கு விறகு வைக்கலாம். பாகு நுரைத்துத் தடிக்க ஆரம்பிக்கும்முன் கட்டைகளை இழுத்துவிட்டு, மூடிவைத்த சக்கைக்கு மாறிவிட வேண்டும்.