செல்லுலேஸ்: தோலுக்கு அடியில் போகும் லேசர் எவ்வளவு தரும்?

தொடையிலும் புட்டத்திலும் விழும் குழிகளுக்கு 'லேசர்' என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, தோலுக்கு மேலே உருளையை உருட்டி, உறிஞ்சி, வெளிச்சம் காட்டுவது. வலி கிடையாது, பல தடவை போக வேண்டும், நிறுத்தினால் சில மாதங்களில் பழைய குழி திரும்பிவிடும். மற்றொன்று செல்லுலேஸ். சைனோஷர் நிறுவனத்தின் இந்தக் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012இல் அனுமதி தந்தது. இதில் 1440 நானோமீட்டர் லேசர் மெல்லிய ஃபைபர் (ஒளியைக் கடத்தும் இழை) வழியே தோலுக்கு அடியில் போகிறது. ஒரே அமர்வுதான், ஆனால் இது சிறு அறுவை.

குழிக்குக் காரணம் கொழுப்பு மட்டுமல்ல. பெண்களுக்குத் தோலையும் அடித்தசையையும் கட்டும் நார்ப்பட்டைகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. பஞ்சு மெத்தையில் தையல் இழுத்த இடம் குழிந்து, சுற்றிலும் பஞ்சு பிதுங்குவதுபோல, நார் இழுத்த இடம் குழிந்து பக்கத்துக் கொழுப்பு மேடாகிறது. எடை குறைத்தும் குழி போகாததற்கு இதுதான் காரணம்.

குறியிடும்போது நோயாளி நின்றாக வேண்டும், வெளிச்சம் மேலிருந்து விழ வேண்டும். படுத்தால் பாதிக் குழி மறைந்துவிடும். குழிக்கு ஒரு நிற மை, மேட்டுக்கு வேறு நிறம், பிறகு 5 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள். இதை அவசரமாக முடிக்கிற இடத்தில் நாங்கள் சிகிச்சையைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்து உப்புநீரில் நீர்த்த லிடோகெயினும் (மரக்கச் செய்யும் மருந்து) எபிநெஃப்ரினும் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து) ஏற்றி அந்த இடத்தை மரத்துப்போக வைப்பார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்காத சிகிச்சையில், இப்படி நீர்த்த லிடோகெயினுக்குப் பரிந்துரைக்கப்படும் உச்சவரம்பு எடையில் கிலோவுக்கு 28 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1680 மில்லிகிராம். இரண்டு தொடையும் புட்டமும் ஒரே நாளில் என்றால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். வரம்பைத் தாண்டினால் வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், அதற்கும் மேலே வலிப்பு.

ஓரிரு மில்லிமீட்டர் துளை வழியே, ஃபைபரைத் தாங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாய் உள்ளே போகிறது. ஃபைபரின் நுனி பக்கவாட்டில் சுடும் என்பதுதான் இதன் சிறப்பு. முதலில் கீழ்நோக்கி, மேடாய்ப் பிதுங்கிய கொழுப்பை உருக்க. பிறகு கிடையாக, நார்களை அறுக்க. கடைசியில் மேல்நோக்கி, தோலின் அடிப்பகுதியைச் சூடாக்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புதிதாக உருவாகத் தூண்ட. ஆபத்து பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். மேற்பரப்பு 40 டிகிரி செல்சியசை நெருங்கும்போது மையால் வரைந்த அடுத்த சதுரத்துக்கு நகர வேண்டும். கேனுலாவை ஒரே இடத்தில் நிறுத்தினால் தீக்காயம், நம் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பு. கொழுப்பை அளவுக்கு மீறி உருக்கினால் பழைய குழிக்குப் பக்கத்தில் புதுப் பள்ளம், அதைச் சரிசெய்வது முதல் சிகிச்சையைவிடக் கடினம்.

முதல் இரண்டு நாள் துளைகளில் இளஞ்சிவப்பு நீர் கசியும், படுக்கையில் பழைய துண்டு விரியுங்கள். கன்றிப்போன நீலம் இரண்டு வாரம் வரை தங்கும். இறுக்க உடை சில வாரங்கள். மரத்த உணர்வு அதற்கும் மேல் நீடிக்கலாம். ஒரே இடத்தில் நீர் கோத்து வீங்கித் தளும்பினால் மருத்துவரிடம் போய் ஊசியால் எடுக்க வேண்டும்.

பலன்? நின்றாலே தெரியும் தனிக்குழிகளுக்கு நல்லது. பரவலான மெல்லிய அலைகளுக்குச் சுமார். வயதாலோ வேகமான எடைக்குறைப்பாலோ தொங்கும் தோலுக்குப் பணம் வீண். ஆரம்ப ஆய்வு பத்துப் பேரிடம்தான் நடந்தது, ஓராண்டு வரை தோலின் தடிப்பும் நெகிழ்வும் கூடியிருந்தன. அதை வைத்து 'நிரந்தரம்' என்று சொல்ல முடியாது. நான்கைந்து குழிகள் மட்டும் என்றால் நாரைச் சிறு கத்தியால் அறுக்கும் செல்ஃபினா போதும், லேசருக்குக் கூடுதல் காசு வேண்டாம்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கீலாய்டுத் தழும்பு (காயத்தைத் தாண்டித் தடித்து வளர்வது) வருகிற தோல்காரர்கள் இதைத் தவிர்க்கலாம். படம் காட்டினால் முன்-பின் இரண்டிலும் ஒரே வெளிச்சமா, தசையை இறுக்காமல் நிற்கிறார்களா என்று பாருங்கள். முதல் மாதப் படத்தில் தோல் வழவழப்பாய்த் தெரிவதில் பாதி வீக்கம்தான். மூன்று மாதத்துக்குப் பின் எடுத்த படம் கேளுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது.