கூண்டுக் கொடுவாவுக்கு ஈஸ்ட் குளுக்கான் பொடி: ஒரு பருவம் கொடுத்துப் பார்த்தபின்

மண்டபத்துக்கு அருகே வடகடலில் நான்கு மிதவைக் கூண்டுகளில் கொடுவா வளர்க்கிறேன். மீனின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் தீவனப் பொடி ஒன்றைச் சென்ற பருவத்தில் இரண்டு கூண்டுகளுக்கு மட்டும் கொடுத்து, மற்ற இரண்டையும் வழக்கமான தீவனத்திலேயே விட்டு வைத்தேன். ரொட்டி ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கப்படும் பீட்டா குளுக்கான்தான் இந்தப் பொடியின் முதன்மைப் பொருள். வைட்டமின் சி-யும் சிறிது செலினியமும் சேர்ந்திருப்பதாக உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ பொட்டலத்துக்கு 1,150 ரூபாய் கொடுத்தேன். குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே சேர்மானத்தில் வேறு வேறு பெயர்களில் பொடிகள் கிடைப்பதால், பெயரைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே கூண்டு வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

இந்தப் பொடி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகும். இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை மீனுக்குக் கிடையாது. தலைக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் தலைச் சிறுநீரகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்க மீனுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை அதைக் காப்பது மேல்தோலின் வழவழப்பும், கிருமியை விழுங்கும் அணுக்களும், லைசோசைம் போன்ற நொதிகளுமே. ஈஸ்டைப் போன்ற பூஞ்சைக் காளான்களின் செல்சுவரில் இருக்கும் பொருளே குளுக்கான் என்பதால், அதைக் கண்டதும் விழுங்கணுக்கள் ஏதோ கிருமி உள்ளே வந்துவிட்டதாக எண்ணி விழித்துக்கொள்கின்றன. ஆகவே இது மருந்தும் அன்று, தடுப்பூசியும் அன்று. காவல்காரனைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது. நாள் தவறாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் அந்த விழிப்பு மங்கிவிடும் என்பது ஆய்வாளர்கள் பலர் எச்சரித்திருக்கும் செய்தி. 'தினமும் தவறாமல் கொடுக்கவும்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிக் கொடுத்தால் விற்பவருக்குப் பொட்டலம் அதிகம் போகும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தீவனத்தில் பொடியை ஏற்றுவது நினைத்ததைவிடப் பக்குவம் தேவைப்படும் வேலை. உறையில் சொன்னபடி, ஒரு கிலோ குருணைத் (பெல்லட்) தீவனத்துக்கு 10 கிராம் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அரை மணி நேரம் நிழலில் உலர்த்திக் கொண்டுபோனோம். முதல் கை தீவனம் கடலில் விழுந்த உடனே அதைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு வெண்புகை பரவி, நீரோட்டத்தோடு வலைக்கு வெளியே போய்விட்டது. என்னோடு படகில் வரும் தம்பி, "அண்ணே, மருந்து ராமேஸ்வரத்துக்குப் போகுது" என்றான். மறுநாளிலிருந்து பொடியை மீன் எண்ணெயில் குழைத்துக் குருணைமேல் பூசி, அதற்குமேல் முட்டை வெள்ளைக்கருவை மெல்லிய படலமாகத் தடவி உலர்த்தினோம். அதன் பிறகு புகை ஏறக்குறைய நின்றது. புளித்த ஆப்ப மாவைப் போன்ற வாசனை இருந்தாலும் மீன்கள் தீவனத்தை ஒதுக்கவில்லை, ஒன்றிரண்டு நாள் வாயில் வாங்கித் துப்பிப் பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டன. பூச்சு முறையைப் பற்றி உறையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை; குளத்தில் தூவினால் பொடி குளத்துக்குள்ளேயே கிடக்கும், கடலில் அப்படி இருக்காது.

பலன் தெரிந்த இடம் தரம் பிரிக்கும் நாட்களுக்குப் பின்னர்தான். கொடுவா தன் இனத்தையே தின்னும் மீன் என்பதால், குஞ்சுப் பருவத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை பெரியதையும் சிறியதையும் பிரித்தாக வேண்டும். எவ்வளவு மெதுவாகக் கையாண்டாலும் வலைத்துணியில் உரசிச் செதில் உதிரும். உதிர்ந்த இடம் இரண்டு மூன்று நாளில் சிவந்து, விப்ரியோ என்ற பாக்டீரியா நுழைந்தால் குழிப்புண்ணாகும். தரம் பிரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பொடியைத் தொடங்கி, பிரித்த பிறகு ஒரு வாரம் கொடுத்து நிறுத்தினேன். இப்படிச் செய்த மூன்று முறையும் பொடி தின்ற கூண்டுகளில் காயங்கள் சீக்கிரம் ஆறியதோடு, மீன்கள் மறுநாளே மேலே வந்து தீவனம் எடுத்தன. மற்ற இரண்டு கூண்டுகளிலும் தரம் பிரித்தபின் வரும் மந்தம் நீங்க மூன்று நான்கு நாட்கள் ஆயின. செத்து மிதந்தவற்றின் கணக்கிலும் வேறுபாடு இருந்தது. ஆனால் நான்கு கூண்டுகளை வைத்து யாரும் முடிவு கட்ட முடியாது. கரைப் பக்கம் இருக்கும் கூண்டுகளில் நீரோட்டம் குறைவு. பொடி கொடுத்தவை இரண்டும் கடல் பக்கத்தில் இருந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொடி கைவிட்ட இடத்தையும் அதே அளவு தெளிவாகச் சொல்லலாம். பருவத்தின் நடுவில் நான்கு கூண்டுகளிலும் தோல் ஒட்டுண்ணிப் புழு வந்தது. மீன்கள் வலையில் உடம்பைத் தேய்த்தன, சிலவற்றின் கண்கள் வெண்மை படர்ந்து மங்கின. பொடி தின்ற மீனென்றும் தின்னாத மீனென்றும் அந்தப் புழு பார்க்கவில்லை. விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, அளவை இரட்டிப்பாக்குங்கள் என்றார். அதை நம்பி ஐந்து நாட்களை வீணாக்கியது என் தவறு. பிறகு படகில் நன்னீர்த் தொட்டியும் காற்றுக் குழாயும் வைத்து, மீன்களைச் சிறு சிறு தொகுதியாக ஐந்து நிமிடம் நன்னீரில் விட்டோம். உப்புத் தண்ணீரில் கண்ணாடி போலக் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள், நன்னீர் பட்ட சில நிமிடங்களில் வெள்ளை வெளேரென்று வெளுத்து, அரிசிக் குறுநொய்யைப் போலத் தொட்டியின் அடியில் விழுந்து கிடந்தன. இந்தப் புழுவின் முட்டைகளுக்கு நீண்ட இழை உண்டு. அந்த இழையால் அவை வலையில் சிக்கிக்கொண்டு, அங்கேயே பொரித்து, மீண்டும் மீனில் ஏறும். ஆகவே வலையையும் மாற்றி, பத்து நாள் கழித்து இன்னொரு முறை நன்னீர்க் குளியல் கொடுத்த பிறகே தொல்லை அடங்கியது. ஒட்டுண்ணிக்கும் இந்தப் பொடி கேட்கும் என்று உறையில் படம் போட்டு அச்சிட்டிருப்பது வாங்குபவரைத் தவறான வழியில் கொண்டுபோகும்.

உறையில் இன்னொரு வாசகமும் இருந்தது: 'நார்வே தொழில்நுட்பம், ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று'. ஈஸ்ட் குளுக்கானை மீனுக்குக் கொடுக்கும் ஆய்வில் நார்வே முன்னோடி என்பது உண்மை. ஆனால் 1987இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக்கைச் சால்மன் கூண்டுகளில் கொட்டிய அந்த நாடு, உற்பத்தியைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டே அதை ஒரு டன்னுக்கும் கீழே கொண்டுவந்ததற்கு முதற்காரணம் தடுப்பூசி. நம் கொடுவாவுக்கும் அந்தப் பாதை திறந்திருக்கிறது: 1997இல் கொடுவாவைச் சிறையிருப்பில் இனப்பெருக்கம் செய்வித்த சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமே, குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் நரம்புச் சிதைவு வைரசுக்கு நோடாவாக்-ஆர் என்ற தடுப்பூசியையும் உருவாக்கியிருக்கிறது. குஞ்சு வாங்கும்போது அந்த வைரசுக்குச் சோதனை செய்தார்களா என்று பண்ணையில் கேட்காமல், பிறகு பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்கிப் போடுவதால் பயனில்லை.

உறையில் நான் தேடிக் கிடைக்காத செய்தி, குளுக்கானின் விழுக்காடு. வெறும் ஈஸ்ட் செல்சுவரில் குளுக்கான் கால் பங்கு அளவில்தான் இருக்கும்; சுத்திகரித்ததில் முக்கால் பங்குக்கு மேலும் இருக்கும். இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரிப் பையில் வருகின்றன. கிலோ விலையைப் பார்த்து மலிவானதை வாங்குகிறவர், குளுக்கான் கணக்கில் அதிக விலை கொடுத்திருக்கக்கூடும். கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண் உறையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் கலக்கப்படவில்லை என்பதற்கு அது சான்று. பொடி சொன்னதைச் செய்யும் என்பதற்குச் சான்றாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வாங்கியதில் எண் இருந்தது. இரண்டாவது பொட்டலம் மட்டும் ஈரம் ஏறிக் கட்டிதட்டி வந்தது; கேட்டபின் மாற்றிக் கொடுத்தார்கள்.

பக்கத்தில் கடல் விரால் (கோபியா) வளர்க்கும் பெரியவர் ஒருவர், இரையாகச் சூடை, சாளை மீன்களைத்தான் போடுகிறார். பொடி அவருக்கும் உதவுமா என்று கேட்டார். பச்சை மீன்மேல் பொடி நிற்காது என்பதோடு, அவர் கவனிக்க வேண்டியது வேறு. சாளை வகைகளில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. பனிக்கட்டி குறைந்து எண்ணெய் சிக்கடித்த மீனைப் போட்டால் தின்னும் மீனின் வைட்டமின் ஈ கரைந்துபோகும். வைட்டமின் சி-யைப் பெரும்பாலான மீன்களால் உடலில் உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. இவை குறைந்த மீனில் விழித்தெழுவதற்குக் காவல்காரனே இருக்க மாட்டான். இரை மீனை அன்றன்றைக்குப் புதிதாக வாங்குங்கள், கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிறு ஓட்டுயிரி) ஏறிய வலையை நாள் கடத்தாமல் மாற்றுங்கள், பொடியைப் பிறகு பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.

குருணைத் தீவனம் போடுகிறவர்களுக்கு, தரம் பிரித்தல், வலை மாற்றுதல், வாடைக் காலத் தொடக்கம் போன்று முன்கூட்டியே தெரிந்த நெருக்கடிகளுக்கு முன்னால் இரண்டு வாரம் கொடுக்க மட்டும் இந்தப் பொடியைப் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். நோய் வந்த கூண்டுக்கு இதை வாங்கும் பணத்தில் நன்னீர்த் தொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அடுத்த பருவத்துக்கு விழுக்காடு அச்சிட்ட வேறொரு பொடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இம்முறை பொடி கொடுப்பது கரைப் பக்கக் கூண்டுகளுக்கு.