பிரைட்டன் குளவிச் சேவை: காட்டுக்கு ஏற்றது, வீட்டு மரத்துக்கு அல்ல

அமெரிக்காவில் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் பட்டுப்போகச் செய்த மரகதப் பச்சை வண்டை அடக்க, அந்நாட்டு வேளாண் துறை மிச்சிகன் மாநிலத்துப் பிரைட்டனில் ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து, காடுகளைப் பராமரிப்போருக்கு விலையின்றி அனுப்பி வருகிறது. வண்டு கண்டறியப்பட்டது 2002இல். குளவிகளைக் காட்டில் விடத் தொடங்கியது 2007இல். 2021இல் ஆஷ் விறகையும் மரத்தையும் வண்டு பரவிய பகுதிகளிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்கு இருந்த நடுவண் அரசின் கட்டுப்பாடு விலக்கப்பட்டு, அதற்குச் செலவான பணமும் இந்தப் பக்கம் திருப்பப்பட்டதால், சேவையைச் சற்றுக் கறாராகவே எடைபோட வேண்டியிருக்கிறது.

அனுப்பும் முறையில் குறை சொல்ல இடமில்லை. ஊபியஸ் என்னும் முட்டைக் குளவி, வலை பொருத்திய மாத்திரைக் குப்பியில், வண்டு முட்டைகளுக்குள் வளர்ந்த நிலையிலேயே வருகிறது. குப்பியை மரத்தில் கட்டிவிட்டால் போதும். ஒரு மில்லிமீட்டர் அளவேயான குளவிகள் தாமே வெளியேறி, பட்டை இடுக்குகளில் வண்டு இட்ட முட்டைகளைத் தேடிப்பிடித்து, அவற்றுக்குள் தம் முட்டைகளை இடுகின்றன. டெட்ராஸ்டிகஸ் குளவி சிறு ஆஷ் கட்டைக்குள் இருந்தபடியே வந்துசேரும்; அது தாக்குவது பட்டைக்கு அடியில் குடைந்து தின்னும் வண்டின் புழுவை. குளவி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை, இவை மனிதரைக் கொட்டுவதில்லை.

குறை என்று பார்த்தால் அது டெட்ராஸ்டிகஸின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதன் முட்டையிடும் ஊசி குட்டையானது என்பதால், இளமரங்களின் மெல்லிய பட்டையைத் துளைக்கும் அக்குளவிக்கு, முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டைக்கு அடியில் உள்ள புழு எட்டுவதில்லை. ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்டு 2015இல் அனுமதி பெற்ற ஸ்பாத்தியஸ் கலினே என்னும் குளவி நீண்ட ஊசி உடையது; வடமாநிலங்களில் ஓரளவு பெருத்த மரங்கள் உள்ள இடத்துக்கு அதைக் கேட்டு வாங்குவதே நல்லது. (மரங்கொத்திகளும் புழுக்களைக் கணிசமாகத் தின்றுதீர்க்கின்றன; அதற்கு விண்ணப்பம்கூடத் தேவையில்லை.)

வாசலில் நிற்கும் ஒற்றை மரத்தைக் காக்க நினைப்போருக்கு இச்சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். குளவிகள் பெருகிப் பரவப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் வண்டு மரத்தை முடித்துவிடும். அங்கே தண்டில் எமாமெக்டின் பென்சோயேட் என்னும் பூச்சிக்கொல்லியைச் செலுத்துவதே வழி. மாறாக, பெருமரங்கள் மடிந்தபின் முளைத்தெழும் கன்றுகள் நிறைந்த காடு உங்கள் பொறுப்பில் இருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். குளவி விட்ட இடத்தையும், பிறகு பட்டையை உரித்துத் தேடியதில் குளவி அகப்பட்டதா என்பதையும் இணைய வரைபடத்தில் பதிய வேண்டும் என்பதுதான் கேட்கப்படும் கைம்மாறு.