ஐஸ் ஹாக்கி பயிற்சி: ஸ்டேஷன் முறையா, முழு மைதான டிரில்லா?

ஸ்டேஷன் முறையில் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து, இடம் மாறி மாறி வெவ்வேறு பயிற்சி செய்வார்கள். முழு மைதான டிரில்லில் ஒரே பயிற்சியை மைதானம் முழுக்க, முறை வைத்துச் செய்வார்கள். 60 நிமிட ஐஸ் நேரம், 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

பக் (ரப்பர் வட்டு) தொடும் வாய்ப்பு
ஸ்டேஷன்: 4 பேர் வீதம் 5 இடம், 8 நிமிடத்துக்கொரு மாற்றம். வரிசை நீளாது.
முழு மைதானம்: மூவர் ஓட, மற்றவர்கள் போர்டில் (மைதானத்தின் சுற்றுத் தடுப்பில்) சாய்ந்து ஸ்டிக்கால் ஐஸைச் சுரண்டுவார்கள்.

பயிற்சியாளர்கள்
ஸ்டேஷன்: இடத்துக்கொருவர்.
முழு மைதானம்: இருவர் போதும்.

சொதப்பும் இடம்
ஸ்டேஷன்: விளக்கமே 3 நிமிடத்தைத் தின்றுவிடும், பேசாமல் 30 விநாடியில் செய்துகாட்டுங்கள். பக்கத்து இடத்துப் பக் காலடியில் உருளும். ஷூட்டிங்கைக் கோடியில், எண்ட் போர்டைப் பார்த்து வையுங்கள்.
முழு மைதானம்: பலவீனமான பிள்ளை பக்கைத் தொடாமலே வீடு திரும்பும்.

10 வயதுக்குக் கீழே ஸ்டேஷன்தான், யோசிக்கவே வேண்டாம். பிரேக்அவுட் (தங்கள் பகுதியிலிருந்து பக்கை வெளியே கொண்டுவருவது), ஆஃப்சைட் (பக்குக்கு முன்பே எதிரணிப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்ற விதி) பழக வேண்டிய பெரிய பிள்ளைகளுக்குக் கடைசி 20 நிமிடம் முழு மைதானம். அதற்கு முன்பு ஸ்டேஷன்.