தெரு பார்க்குக்குப் பணம்: நமக்கு நாமேயா, ஆன்லைன் வசூலா?

தெரு முனைல சும்மா கிடக்கற இடத்த பார்க்கா மாத்தணும், ஸ்கூலுக்கு கழிப்பறை கட்டணும்னு நாலு பேர் கெளம்பினா மொதல்ல வர்ற கேள்வி பணம்தான். தமிழ்நாட்டுல அதுக்கு ரெண்டு வழி கண்ணுக்குத் தெரியுது, ஒண்ணு அரசாங்கத்தோட நமக்கு நாமே திட்டம், இன்னொன்னு மிலாப், கெட்டோ மாதிரி சைட்ல பக்கம் போட்டு வசூல் பண்றது.

நமக்கு நாமே 1997-98லயே வந்தது, 2011க்கு அப்புறம் தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறி ஓடுச்சு, 2021ல திரும்ப பழைய பேருக்கே வந்துடுச்சு. எஸ்டிமேட்ல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டணும், மிச்சம் அரசாங்கம். 6 லட்ச ரூபா வேலைன்னா 2 லட்சம் நம்மளது, 4 லட்சம் அவங்களது. நகரத்துல குளம், ஏரி சீரமைக்கறதுன்னா பாதிக்குப் பாதி. வசூல் சைட்ல எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு ரூபாய்க்கு ரெண்டு ரூபா யாரும் போட மாட்டாங்க, அந்த ஒரு விஷயத்துலயே இது எங்கயோ போயிடுது. இன்னொன்னு, இடம் பஞ்சாயத்தோடதோ மாநகராட்சியோடதோ இருந்தா அனுமதி இல்லாம ஒரு பெஞ்சு கூட போட முடியாது, இந்தத் திட்டத்துல அந்த ஆபீஸே வேலைக்குள்ள இருக்கும். ஆனா ஃபைல் நகரற வேகம் அவங்க கைல, எஸ்டிமேட்டும் அவங்க இன்ஜினியர் போடறது. கிராமப்புறத்துல பாதிக்கு மேல நீங்களே கட்டினா வேலையையும் நீங்களே எடுத்துச் செய்யலாம்னு விதி இருக்கு, வசதியான ஊருக்குத்தான் அது உதவும்.

ஆன்லைன் வசூல் வேகம். இன்னிக்கு பக்கம் போட்டா ராத்திரிக்குள்ள பணம் வர ஆரம்பிக்கும், டார்கெட் எட்டலன்னாலும் வந்தத எடுத்துக்கலாம். ஆனா அங்க ஆஸ்பத்திரி செலவுக்கு கை ஏந்தற குடும்பங்களுக்கு நடுவுல நம்ம பார்க் நிக்கணும், தெரியாதவங்க யாரும் தேடி வந்து குடுக்கறது அபூர்வம், குடுக்கறது நம்ம போன்ல இருக்கற ஆளுங்கதான். தனிநபர் பேர்ல வசூல் பண்ணா குடுக்கறவங்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு கிடையாது. வெளிநாட்டுல இருக்கற நம்ம ஊர்ப் பசங்க அனுப்பலாம், அதுவே அந்த நாட்டு சிட்டிசனாயிட்டவர் அனுப்பினா அது வெளிநாட்டு நிதி, நம்ம சங்கம் எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இல்லாம அத வாங்கக்கூடாது. இத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

எனக்கு உறுத்தறது வேற. ஒரே வார்டுல அபார்ட்மெண்ட் இருக்கு, லைன் வீடு இருக்கு, வாரியக் குடியிருப்பு இருக்கு, ஒரு ரூம்ல எட்டு பேரா தங்கற பீகார், ஒடிசா தொழிலாளிங்க இருக்காங்க. வீட்டுக்கு ரெண்டாயிரம்னு கேட்டா அபார்ட்மெண்ட்காரர் ஜிபேல உடனே போட்டுடுவாரு, மத்தவங்களுக்கு அது வாரக்கூலி. அப்ப எந்த வேலை வரும்? சிசிடிவி வரும், பார்க் வரும், வாரியக் குடியிருப்புப் பக்கம் லைட்டு வராது. ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள் குடியிருப்புன்னா கிராமத்துல ஐஞ்சுல ஒரு பங்கு கட்டினா போதும்னு சலுகை வச்சிருக்காங்க, நல்லதுதான், ஆனா அதுவும் காசுதானே.

இந்த இடத்துல அமெரிக்காவுல இருக்கற சியாட்டில் நகரத்தோட மேட்சிங் ஃபண்ட், அதாவது மக்கள் போடற பங்குக்கு ஈடா நகர நிர்வாகம் பணம் குடுக்கற திட்டம், ரொம்ப முன்னாடி நிக்குது. 1988ல ஆரம்பிச்சது, அங்க மக்கள் பங்குன்னா காசு மட்டும் இல்ல, மண்ணு வெட்டற நேரமும் கணக்கு, இலவசமா குடுக்கற சாமான், ப்ளான் போட்டுத் தர்ற ஆர்க்கிடெக்ட்டோட வேலை எல்லாமே கணக்கு. பல நாட்டு மக்கள் கலந்து வாழற பீக்கன் ஹில்ங்கற அந்த ஊர்ப் பகுதில யார் வேணா பறிச்சுக்கற பழத்தோட்டம் ஒண்ணு இந்த நிதில வளர்ந்துச்சு. கைல காசில்லாதவரும் சனிக்கிழமை வந்து கடப்பாரை பிடிச்சா அவரும் பங்குதாரர், என்ன மரம் வைக்கலாம்னு பேச அவருக்கும் உரிமை வந்துடுது. நமக்கு நாமேல இந்த ஒரு விதிய சேர்த்தா எத்தனையோ தெரு உள்ள வந்துடும், இத கேக்க வேண்டியது நாமதான்.

அதுவரைக்கும் நான் சொல்றது, ரெண்டையும் எதிரெதிரா வைக்காதீங்க. 50 ஆயிரத்துக்குள்ள முடியற வேலை, சுவர் பெயின்ட், மரக்கன்னு, புக் அலமாரி, இதுக்கெல்லாம் ஆன்லைன் வசூல் போதும், ஆபீஸ் ஏறி இறங்கற நேரத்துல வேலையே முடிஞ்சிரும். அதுக்கு மேலன்னா நமக்கு நாமேதான், ஆனா அந்த மூணுல ஒரு பங்க வெளியூர்ல இருக்கறவங்க கிட்டயும் பக்கத்துல இருக்கற கம்பெனிங்க கிட்டயும் மொதல்ல வசூல் பண்ணுங்க, லைன் வீட்டுக்காரங்க கிட்ட தலைக்கு இவ்வளவுன்னு பட்டியல் போட வேணாம். மனு எழுதறதுக்கு முன்னாடி எந்த வேலைன்னு முடிவு பண்ற கூட்டத்த வாரியக் குடியிருப்பு வாசல்லயே ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வைங்க, காசு குடுக்காதவங்களும் பேசட்டும்.