எழுத்து நின்றுபோகும் நாட்களில்: மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள்

சிறுகதை எழுதுகிறவர்களுக்கு, முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் பேனா நின்றுவிடும் நாட்கள் அடிக்கடி வரும். அந்த நாட்களில் நான் பல ஆண்டுகளாக நாடிச் செல்லும் இடம் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் என்னும் இணைய நூலகம். பழைய நூல்களைக் காத்துத் தரும் பணிக்காக அதைப் பாராட்டியவர்கள் பலர் உண்டு. எழுத உட்காருகிறவனுக்கு அது எவ்வாறு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தன்னார்வலர்கள் தொடங்கிய பணி இது. திருக்குறளில் தொடங்கிய தொகுப்பில் இன்று சங்க நூல்கள், பாரதி, புதுமைப்பித்தன், கல்கி என்று ஒரு வாழ்நாளில் படித்துத் தீராத அளவு நூல்கள் சேர்ந்திருக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரைப் பதிய வேண்டியதும் இல்லை. நூல்கள் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஒரு சொல்லை ஓர் ஆசிரியர் எங்கெல்லாம் ஆண்டிருக்கிறார் என்று நொடியில் தேடிப் பார்க்கலாம். இந்தத் தேடல் வசதிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது.

ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். கடையை மூடிவிட முடிவு செய்த ஒரு முதியவரைப் பற்றிய கதையை நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் கைவிட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவருடைய துயரத்தை விளக்கியே தொடங்கினேன். அப்போது புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைத் திறந்து, முதல் பக்கத்தை நோட்டில் கையால் எழுதத் தொடங்கினேன். கடவுளே நேரில் வரப்போகிற கதை அது. ஆனால் தொடக்கத்தில் இருப்பது, பிராட்வே சந்தியின் ஆபத்தில்லாத ஓரத்தில் நின்றபடி டிராமில் போய் மிஞ்சும் காசில் வெற்றிலை போடுவதா, பஸ்ஸில் போய் அரைக் கப் காப்பி குடிப்பதா என்று காலணாக் கணக்கில் ஆழ்ந்திருக்கும் ஒரு மனிதர். இதே வரிகளை முன்பு பலமுறை கண்ணால் படித்திருந்தும், கை எழுதும் வேகத்துக்கு இறங்கிய பிறகுதான் அந்தக் கணக்கே மனிதரை முழுமையாகக் காட்டிவிடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. அன்று மாலை என் முதியவர் கல்லாப்பெட்டியில் கிடந்த சில்லறையை எண்ணத் தொடங்கினார், கதையும் நகர்ந்தது.

இப்படி எழுதுவது திருட்டாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் மரபு இதற்கு எப்போதோ இடம் வைத்திருக்கிறது. முதல்நூலையும், அதைப் பின்பற்றி எழும் வழிநூலையும் தொல்காப்பியம் வேறுபடுத்திச் சொல்கிறது. வான்மீகியின் வழியில் செல்ல முனைந்த கம்பனோ, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அந்தப் பூனையின் ஆசை இல்லாதவன் எதை எழுதப்போகிறான்? ஒருவருடைய வரியை எடுத்துக்கொள்வது வேறு, அந்த வரி எப்படி நிற்கிறது என்று கற்றுக்கொள்வது வேறு. கையால் எழுதிப் பார்ப்பது இரண்டாவதைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஆகவே நாட்டுடைமை ஆக்கப்பட்டவையும் உரியவர்கள் இசைவு தந்தவையும் நீங்கலாக, இக்காலத்து எழுத்தாளர்களை இங்கே தேடிப் பயனில்லை. அவர்களுக்கு நூலகத்தையும் புத்தகக் கடையையும்தான் நாட வேண்டும். பழைய பாடல்கள் பெரும்பாலும் உரையின்றி மூலமாகவே உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை அருகில் வைத்துக்கொண்டால் நல்லது. முதல் பதிப்பின் தாளையும் அச்செழுத்தையும் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பொருந்தும். ஆயினும் எழுதுவதற்காகப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மதுரைத் திட்டத்தைத்தான். புதிதாக வருகிறவர்கள் காப்பியங்களில் தொடங்காமல், பாரதியின் உரைநடையிலிருந்தோ ஒரு சிறுகதையிலிருந்தோ தொடங்கினால் அன்றைக்கே பயன் காணலாம்.

ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும், அதைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். அந்த முகப்பை மாற்றாமல் யாரும் எவருக்கும் கோப்பை வழங்கலாம் என்பதே அவர்கள் விதிக்கும் நிபந்தனை. கையால் எழுதும் நோட்டுக்கு அது பொருந்தாது என்று தெரிந்தும், ஆசிரியர் பெயருக்குக் கீழே அவர்களுடைய பெயர்களையும் எழுதிவிட்டுத்தான் நான் முதல் வரியைத் தொடங்குகிறேன்.