முழு நாவலா, ஒரு துண்டு மட்டுமா?

நீண்ட நாவலை இசை நாடகமாக்க இரண்டு வழிகள் உண்டு: முழுக்கதையையும் சுருக்குவது, அல்லது ஒரு பகுதியை மட்டும் எடுத்து நிதானமாகப் பாடுவது.

முதல் வழிக்கு விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ (1862). 1980இல் பாரிஸிலும் 1985இல் லண்டனிலும் மேடையேறிய நாடகம், ஐந்து பாகங்களை ஒரே மாலைக்குள் அடக்கியது. வாட்டர்லூ போரையும் பாரிஸின் சாக்கடைகளையும் பற்றிய நீண்ட அத்தியாயங்கள் உதிர்ந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் பாதியின் முடிவில் முன்னாள் கைதி வால்ஜான், அவரைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவேர், காதலர்கள், கிளர்ச்சி மாணவர்கள் அனைவரும் தத்தம் மெட்டுடன் ஒரே பாடலில் கலக்கிறார்கள். உரைநடை ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல வேண்டியதை இசை ஒரே மூச்சில் கேட்க வைக்கிறது. ஆனால் நாவலில் சிறுகச் சிறுக நிகழும், ஏழைத் தாய் ஃபான்டீனின் வீழ்ச்சி மேடையில் சில நிமிடங்களில் முடிவது இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் டேவ் மல்லாய் 2012இல் இரண்டாம் வழியில் போனார். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் சுமார் 70 பக்கங்களே அவருக்குப் போதுமாயின: அனடோலிடம் மயங்கிய நடாஷா, ஆந்த்ரேயுடனான திருமண நிச்சயத்தை முறித்துக்கொள்ளும் பகுதி. போர்க்களமே இல்லை. பாத்திரங்கள் தங்களைப் பற்றிய கதைசொல்லியின் வரிகளையும் தாங்களே பாடுவதால் நாவலின் குரல் தப்பிப் பிழைக்கிறது. முன்கதை தெரியாதவர்களுக்காகத் தொடக்கப் பாடலே பாத்திரங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவிடுகிறது.

என் மனம் இரண்டாவதன் பக்கமே. ஆனாலும் வால்ஜானின் கதையை அப்படி வெட்ட முடியாது. அவர் மாறுவதற்கே பல ஆண்டுகள் வேண்டும்.